காப்பாரில் ஒரு வாக்கின் எடை

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரிடையே அரசியல் பேச்சு எழும்போதெல்லாம், யாருக்கு ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு வெளிப்படுவதைச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ ஒதுக்கிவிட இயலாது. பொதுப் பணம் விரயமாவதைக் கண்ணெதிரே கண்டு, அதற்குப் பொறுப்பான ஆட்சியைத் தேர்தலில் தண்டிக்க முயன்று, அந்தத் தண்டனை போய்ச் சேராமலே நின்றுவிடுவதை அனுபவித்த மக்களின் சலிப்பு அது. ரப்பர், செம்பனைத் தோட்டங்களும் பின்னர் தொழிற்பேட்டைகளும் மின் நிலையமும் சூழ வளர்ந்த காப்பார், இந்த அனுபவத்தை எண்களிலேயே காட்டக்கூடிய நாடாளுமன்றத் தொகுதியாகும்.

காப்பார் அமைந்துள்ள அதே கிள்ளான் மாவட்டத்தில், பூலாவ் இண்டா தீவில், சுங்க வரியின்றிச் சரக்குகளை இறக்கிச் சேமித்து மறு ஏற்றுமதி செய்வதற்கான தடையற்ற வணிக வளாகம் ஒன்றைக் கிள்ளான் துறைமுக ஆணையம் அமைத்தது. இதற்குத் தேவைப்பட்ட ஏறத்தாழ 1,000 ஏக்கர் நிலத்தைத் தனியார் நிறுவனம் ஒன்று 1999-இல் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடமிருந்து 9 கோடியே 50 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியிருந்தது. சில ஆண்டுகளிலேயே அதே நிலத்தைத் துறைமுக ஆணையம் சதுர அடி 25 வெள்ளி என்ற விலையில் 108 கோடி வெள்ளிக்கும் மேல் கொடுத்து வாங்க ஒப்பந்தம் செய்தது. நில எடுப்புச் சட்டத்தின்படி சதுர அடி 10 வெள்ளிக்கே எடுத்திருக்கலாம் என்ற கருத்து அரசுத் துறைகளுக்குள்ளேயே இருந்தும் அது ஏற்கப்படவில்லை. நிறுவனம் கடன் பத்திரங்கள் வெளியிட்டுப் பணம் திரட்டுவதற்கு, நிதியமைச்சின் ஒப்புதலின்றியே போக்குவரத்து அமைச்சு ஆதரவுக் கடிதங்களை வழங்கியது. தனியார் வாங்கும் கடனுக்கு அரசே பின்னால் நிற்கிறது என்ற நம்பிக்கையை முதலீட்டாளருக்குத் தரும் தாள்கள் அவை. 200 கோடிக்குள் முடியும் என்று சொல்லப்பட்ட திட்டத்தின் செலவு 460 கோடி வெள்ளியைத் தொட்டது. வட்டியும் சேர்ந்தால் 1,250 கோடியை எட்டக்கூடும் என்று 2009-இல் வெளியான தணிக்கை அறிக்கை எச்சரித்தது. முன்னாள் அமைச்சர்கள் இருவர் மீது வழக்குத் தொடரப்பட்டு, இருவருமே இறுதியில் விடுவிக்கப்பட்டனர்.

நீதிமன்றத்தின் முடிவு ஏற்கத்தக்கதே. எனினும் தனி மனிதரின் குற்றம் சாட்சியத்தோடு நிறுவப்படுகிறதா என்பதை மட்டுமே நீதிமன்றம் ஆராய முடியும். 10 வெள்ளிக்குக் கிடைக்கக்கூடிய நிலத்துக்கு மக்கள் பணத்திலிருந்து 25 வெள்ளி ஏன் கொடுக்கப்பட்டது என்ற கேள்விக்குத் தீர்ப்பு வழங்க வேண்டியவர் வாக்காளரே. அந்த வாக்காளரின் கைதான் காப்பாரில் கட்டப்பட்டிருந்தது.

2008 பொதுத்தேர்தலில் காப்பார் தொகுதியில் ஏறத்தாழ 1 லட்சத்து 12 ஆயிரம் வாக்காளர்கள் இருந்தனர். அரசு ஊழியர்கள் நிறைந்த நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில் இருந்தவர்களோ ஏறத்தாழ 6,600 பேர். இரண்டும் தலா ஓர் உறுப்பினரையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பின, அதாவது புத்ராஜெயாவில் ஒருவர் இட்ட வாக்குக்கு ஈடாகக் காப்பாரில் பதினேழு பேர் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அந்தத் தேர்தலில் ஆளும் கூட்டணியின் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) வசமிருந்த காப்பாரை எதிர்க்கட்சி கைப்பற்றியபோதும் மக்களவைக் கணக்கில் கூடியது ஓரிடம்தான். 2013-இல் காப்பாரின் வாக்காளர் எண்ணிக்கை 1 லட்சத்து 44 ஆயிரத்தைத் தாண்டி நாட்டிலேயே மிகப் பெரியதாயிற்று. அவ்வாண்டு எதிரணியான மக்கள் கூட்டணி நாடு முழுவதும் 50 விழுக்காட்டுக்கு மேல் வாக்குகள் பெற்றும் 222 இடங்களில் 89 இடங்களை மட்டுமே வென்றது. 47 விழுக்காடு பெற்ற தேசிய முன்னணி 133 இடங்களுடன் ஆட்சியைத் தக்கவைத்தது.

இந்த ஏற்றத்தாழ்வு தற்செயலாக விளைந்தது அன்று. 1957-இன் அரசியலமைப்புச் சட்டம், தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்று வரையறுத்திருந்தது. 1962-இல் செய்யப்பட்ட திருத்தம், நகரத் தொகுதியில் பாதி அளவே வாக்காளர் கொண்ட கிராமப்புறத் தொகுதிக்கும் இடமளித்தது. 1973-இல் எண் வரம்பே நீக்கப்பட்டது. பரந்த கிராமப்புறத்தைச் சுற்றிவரும் உறுப்பினரின் சிரமத்தைக் கருதி ஓரளவு சலுகை தருவதில் நியாயம் உண்டு என்றாலும், நெடுஞ்சாலைகள் சூழத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட புத்ராஜெயாவுக்கு அந்த நியாயம் சிறிதும் பொருந்தாது.

வாக்குப் பெட்டியில் தீராத கோபம் தெருவுக்கு வந்தது. 2007 நவம்பரில் தூய்மையான தேர்தல் கோரிய பெர்சே பேரணியும், இந்தியரின் புறக்கணிப்பை முன்வைத்த இண்ட்ராஃப் பேரணியும் கோலாலம்பூரில் இரண்டு வார இடைவெளியில் நடந்தன. 2011-இல் அம்பிகா சீனிவாசன் தலைமையில் பெர்சே மீண்டும் எழுந்தது. 1எம்டிபி அரசு முதலீட்டு நிறுவனத்திலிருந்து 450 கோடி அமெரிக்க டாலர் கையாடப்பட்டதாக அமெரிக்க நீதித் துறை கூறிய குற்றச்சாட்டின் பின்னணியில், 2018 மே 9 அன்று அறுபது ஆண்டுக்கும் மேலான ஆட்சி வீழ்ந்தது. ஆயினும் அதன் இடத்தில் மக்கள் அமைத்த புதிய அரசு இருபத்திரண்டே மாதங்களில், 2020 பிப்ரவரியில், பெட்டாலிங் ஜெயா ஹோட்டல் ஒன்றில் கூடியவர்களின் அணி மாற்றத்தால் கவிழ்ந்தது. ஷெரட்டன் நகர்வு என்று வழங்கும் இதன் விளைவாக, மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே இரண்டு பிரதமர்கள் அடுத்தடுத்துப் பதவியேற்றனர்.

2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் இதற்கு மருந்தாகக் கொண்டுவரப்பட்டது. உறுப்பினர் தாமாகக் கட்சி விலகினால் இடம் காலியாகும். ஆனால் கட்சி அவரை நீக்கினால் இடம் காலியாவதில்லை, ஒரு கட்சியே மொத்தமாக அணி மாறினாலும் தடையில்லை. பாதி மூடிய கதவு இது.

தொகுதிகளின் ஏற்றத்தாழ்வும் தீரவில்லை. 2018 மார்ச்சில் நாடாளுமன்றம் ஏற்ற எல்லை மறுசீரமைப்பை எதிர்த்துச் சிலாங்கூர் அரசு தொடுத்திருந்த வழக்கு வெற்றி பெறவில்லை. 18 வயதினருக்கு வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் வந்த பிறகு, 2022-இல் சிலாங்கூரின் பாங்கி தொகுதியில் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்காளராயினர். சரவாக்கின் ஈகான் தொகுதியில் ஏறத்தாழ 28 ஆயிரம் பேர்.

தீபகற்ப மலேசியாவின் அடுத்த எல்லைச் சீரமைப்புக்கு, முந்தையதிலிருந்து எட்டு ஆண்டுகளேனும் கழிய வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. 2026-உடன் அந்தக் காலம் நிறைவுறுகிறது. தேர்தல் ஆணையம் பரிந்துரைகளைக் காட்சிக்கு வைத்த ஒரு மாதத்துக்குள், பாதிக்கப்படும் தொகுதியின் வாக்காளர்கள் நூறு பேர் சேர்ந்து ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால், ஆணையம் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். காப்பாரிலும் கிள்ளானிலும் உள்ள கோவில் நிர்வாகங்களும் குடியிருப்பாளர் சங்கங்களும் அந்த நூறு கையெழுத்துகளைத் திரட்ட இப்போதே ஆயத்தமாக வேண்டும்.