பாலைவனத்துல திராட்சை எப்படி விளையுது? அர்ஜென்டினாவின் 500 கி.மீ. மலைச்சுற்றை ஏன் மெதுவாகப் போகணும்?

அர்ஜென்டினாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் நகரம் சால்ட்டா. அங்கிருந்து ஒயின் ஊரான கஃபயாத்தேவுக்கு நேர் வழியில் சுமார் 190 கி.மீ. நல்ல தார் ரோடு. காலையில் கிளம்பி, மதியம் ஒயின் ருசிச்சிட்டு, ராத்திரிக்குள் திரும்பிடலாம். ஒரு நாள் டூர்கள் இப்படித்தான் ஓடுது. ஆனா அவ்வளவு தூரம் விமானத்தில் போயிட்டு இப்படி ஓடி வர்றது, கல்யாண வீட்டுக்குப் போய் பந்தியில் உட்காராம வர்ற மாதிரி.

அதே ஊருக்கு மலை ஏறி, காச்சி வழியா இன்னொரு பாதை இருக்கு. போக இது, திரும்ப நேர் வழி. மொத்தச் சுற்று சுமார் 500 கி.மீ. குறைஞ்சது மூணு நாள் ஒதுக்குங்க.

மேகம் நின்னுபோற இடம்

சால்ட்டாவிலிருந்து காச்சிக்கு ஏறும்போது முதலில் எல்லாமே பச்சை. கொண்டை ஊசி வளைவுகள், பல நாள் பனிமூட்டம். கணவாயின் உச்சி 3,300 மீட்டருக்கும் மேலே. தலைவலி வரலாம், உள்ளூர்க்காரங்க கோக்கா இலையை வாயில் அடக்கிக்குவாங்க. அங்கே அது சட்டப்படி சரி. ஞாபகார்த்தமா இந்தியாவுக்குக் கொண்டு வந்துடாதீங்க, இங்கே அது போதைப்பொருள் வழக்கு.

உச்சியைத் தாண்டினதும் காட்சி தலைகீழ். கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி, மழையை அந்தப் பக்கமே கொட்டிடுது. இந்தப் பக்கம் வர்றது காய்ஞ்ச காற்று மட்டும்தான். லாஸ் கார்டோனஸ் தேசியப் பூங்காவில் ஆளுயரத்தைத் தாண்டிய கள்ளிகள் கூட்டமா நிற்குது. காச்சி தேவாலயத்தின் கூரையே கள்ளி மரத்தில் செஞ்சதுதான்.

இந்த வறட்சிதான் ஒயினுக்கு வரம். கஃபயாத்தே பக்கம் ஆண்டு மழை சுமார் 200 மி.மீ. ஈரம் இல்லாததால் திராட்சையில் பூஞ்சை நோய் குறைவு. தண்ணீர், மலையிலிருந்து வரும் ஆறுகள் வழியா பாசனமா வருது. தோட்டங்கள் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில். சில இன்னும் ரொம்ப மேலே. பகலில் வெயில் பழத்தை இனிப்பாக்குது, தோலைத் தடிப்பாக்குது. ராத்திரிக் குளிர் புளிப்பைக் காப்பாத்துது. இங்கத்திய ஸ்பெஷல் தொர்ரொந்தேஸ் என்ற வெள்ளைத் திராட்சை. வாசனை மல்லிகைப்பூ மாதிரி இனிக்கும், குடிச்சா இனிப்பே இருக்காது!

வேகத்தைக் குறைக்கிறது யார்?

காச்சியிலிருந்து கஃபயாத்தே வரை சுமார் 160 கி.மீ. இது புகழ்பெற்ற ரூட் 40-ன் ஒரு துண்டு. பெரும்பகுதி சரளைக்கல் ரோடு. நாலு மணி நேரத்துக்குக் குறையாது. வாடகை காரின் இன்ஷூரன்ஸில் டயரும் கண்ணாடியும் அடங்குமான்னு முதல்லயே கேளுங்க. காச்சியிலேயே டேங்க்கை நிரப்பிடுங்க. டிசம்பர் முதல் மார்ச் வரை மழையில் பாதை துண்டிக்கப்படலாம். ஏப்ரல், மே வசதி. வழியில் 'அம்புகள் பள்ளத்தாக்கு'. படிவுப்பாறை அடுக்குகள் சாய்ஞ்சு, ஆயிரம் அம்பு வானத்தைக் குறிபார்க்கிற மாதிரி நிற்கும். இங்கே 30 கி.மீ. வேகமே அதிகம்.

அடுத்து சட்டம். 2023-ல் அர்ஜென்டினா நாடு முழுக்க ஓட்டுநர் ரத்தத்தில் மது அளவு பூஜ்யம்தான் இருக்கணும்னு கொண்டு வந்துடுச்சு. 'ஒரு கிளாஸ்தானே' கதையெல்லாம் செல்லாது. அதனால கஃபயாத்தேவில் ரெண்டு ராத்திரி தங்குங்க. ஊருக்குள்ளேயே நடந்து போற தூரத்தில் ஒயின் ஆலைகள் இருக்கு. மதியம் கடைகள் தூங்கப் போயிடும், சாயங்காலம் திறக்கும். குடிக்காதவங்களுக்கும் ஒயின் ஐஸ்க்ரீம்னு ஒண்ணு இருக்கு. ஆனா ஸ்டியரிங் பிடிக்கப் போறவர் அதையும் தவிர்க்கிறது நல்லது.

திரும்பி வர்ற தார் ரோட்டில் செம்மண் நிறப் பாறைகள். அதுல 'ஆம்ஃபிதியேட்டர்'னு ஒரு பிளவு. உள்ளே எதிரொலி அருமையா இருக்கும். கிட்டார், புல்லாங்குழலோட யாராவது வாசிச்சிட்டு இருப்பாங்க. டூர் பஸ் கிளம்பினப்புறம் உள்ளே போங்க.