முள்ளிவாய்க்காலில் ஏன் ஒரு மருதம் இல்லை?

கற்கும் இடங்கள் – 9

சென்ற வாரக் கட்டுரையைப் படித்த முள்ளிவாய்க்கால் வாசகர் ஒருவர் கேட்டார்: “இப்பிடி ஒண்டை எங்கட ஊரில தொடங்கேலாதோ?”

அவர் குறிப்பிட்டது திருவண்ணாமலைக்கு அருகே, கணத்தம்பூண்டியில் 2009 இல் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளியை. சிறிய பள்ளி. படிப்பு தமிழிலும் ஆங்கிலத்திலும். ஊர்ப் பிள்ளைகளும் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் சேர்ந்தே படிக்கிறார்கள். அருணாசல மலையில் மறுபடி காடு வளர்க்கும் ‘தி ஃபாரஸ்ட் வே’ அறக்கட்டளை நடத்தும் பள்ளி என்பதால், மரநடுகையும் பண்ணை வேலையும் அங்கே படிப்பின் பாகம்.

அதே 2009 இல் முள்ளிவாய்க்கால் எப்படி இருந்தது என்று இந்த வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால், போரின் அந்த அழிவு மட்டும் இங்கே ஒரு மருதம் இல்லாததற்குக் காரணமல்ல. இலங்கையில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற காலத்தில் வந்த 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம், 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பள்ளி தொடங்கத் தடை விதித்தது. பின்னாளில் சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகப் பதிவு செய்துகொண்டு புகுந்தன. காசுள்ளவருக்கு வழி கிடைத்தது. முன்னாள் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி இல்லாவிட்டால் வன்னியில் எத்தனை பேர் படித்திருப்போம்? ஆகவே தனியார் பள்ளி வரவில்லையே என்று எனக்குப் பெரிய கவலை இல்லை.

மருதத்தின் படிப்பு முறை அரசுப் பள்ளிக்குள் வரவில்லையே என்பதுதான் கவலை. தரம் 6 இலிருந்து சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்க இந்நாட்டில் 2000 களின் தொடக்கத்திலேயே வழி திறந்தது. ஆங்கிலத்தில் படிப்பிக்க ஆசிரியர் உள்ள பள்ளிகளுக்குத்தான் அது பயன்பட்டது.

மருதத்துக்கு மலை இருப்பதுபோல, முள்ளிவாய்க்காலுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல் களப்பு. மாரியில் களப்பு நிரம்பினால் வட்டுவாகலில் முகத்துவாரம் திறக்க வேண்டும். எந்த நீர்மட்டத்தில் திறப்பது? பிந்தினால் யாருடைய வயல் தாழும்? கடலில் பொரிக்கும் இறால் குஞ்சு களப்புக்குள் வந்து வளர்கிறது. முகத்துவாரம் மூடிக்கிடந்தால் அது எப்படி வரும்? மழை பெய்தபின் களப்பின் உப்பு எவ்வளவு குறைகிறது? இதில் விஞ்ஞானம், கணிதம், புவியியல் மூன்றும் இருக்கின்றன. பிள்ளைகள் மீன்பிடித் தொழிலாளிகளிடம் தமிழில் கேட்டு எழுதட்டும். அளந்த கணக்கை வரைபாக்கி ஆங்கிலத்தில் அறிக்கை தயாரிக்கட்டும். ரியூசன் கொட்டிலில் மனனம் செய்யும் ஆங்கிலத்தைவிட அது நிலைக்கும் என்பது என் எண்ணம்.

தரம் 7 அல்லது 8 இதற்குத் தோது. புலமைப்பரிசில் முடிந்திருக்கும், சாதாரண தரப் பரீட்சையின் பயம் இன்னும் பிடித்திருக்காது. கிழமைக்கு ஒரு பின்னேரம் போதும். பெரிய பள்ளியில் நாற்பது பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போக எந்த ஆசிரியரும் பயப்படுவார். பிள்ளைகள் குறைந்த பள்ளியில் அது நடக்கும். ‘தொகை காணாது’ என்று சின்னப் பள்ளிகளை மூட நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

முல்லைத்தீவு வலயக் கல்வி அலுவலகம் ஒரு தவணைக்கு ஒரு பள்ளியில் இதைச் செய்துபார்க்க அனுமதிக்கட்டும். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்களே, வாசல் வளைவு கட்ட அனுப்பும் காசில் ஒரு பங்கை உப்பு அளக்கும் கருவிக்கும் உயிர்காப்பு அங்கிகளுக்கும் அனுப்புங்கள்.