ஊராத்துறையும் பரதேசிகளும்

அயல்நாட்டான் ஒருவன் ஒரு நாட்டின் கரையில் இறங்குங்கால் அவனை நோக்கி இரண்டு வினாக்கள் எழுகின்றன. நீ யார் என்பது ஒன்று. நீ கொண்டுவந்த பொருளில் அரசுக்குரிய பங்கு யாது என்பது மற்றொன்று. இக்காலத்தில் முதல் வினாவைக் குடிவரவு அதிகாரியும் இரண்டாவதைச் சுங்க அதிகாரியும் வினவுகின்றனர். கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் பொருட்களைப் பற்றிய வெளிப்படுத்துகையும் புதுமையான ஏற்பாடுகள் என்று எண்ணுவோர் பலர். ஆனால் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே, வந்திறங்கும் அயலாரை எவ்வாறு நடத்தல் வேண்டும், அவர்தம் பொருளில் அரசன் எவ்வளவு கொள்ளலாம் என்று வரையறுத்த ஆணையொன்று யாழ்ப்பாணத் தீவுகளிலேயே கல்லெழுத்தாக நிற்கின்றது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டே அது.

பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை இலங்கையை ஆண்டவன் முதலாம் பராக்கிரமபாகு. கல்வெட்டின் பெரும்பகுதி தமிழில் அமைந்துள்ளது. இறுதிப் பகுதி வடமொழியில் அமைந்து, சிங்களம் முழுவதற்கும் அதிபதியான பராக்கிரமபுசன் இதனை வெளியிட்டான் என்கிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா இதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டார். அதன்பின்னரே அறிஞருலகம் இதன் பொருளை நன்கு உணர்ந்தது.

ஆணையின் செய்தி சுருக்கமானது. பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து தங்குதல் வேண்டும். அவர்கள் காக்கப்படுதல் வேண்டும். பல துறைகளிலும் உள்ள பரதேசிகள் நம் துறையில் வந்து கூடுதல் வேண்டும். இஃது அரசனின் விருப்பம். அடுத்து வருவது விதி. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்து கெடுமாயின் காற்பங்கு பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் சேரும். பிற பண்டங்களை ஏற்றிவந்த மரக்கலம் கெடுமாயின் செம்பாகம், அஃதாவது சரிபாதி, பண்டாரத்துக்கும் மற்றைச் சரிபாதி உடையவனுக்கும் சேரும். சந்திராதித்தர் உள்ளளவும் இவ்விதி நிலைபெறுமாறு கல்லிலும் செம்பிலும் வெட்டுவிக்கப்பட்டது.

ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையின் பழம்பெயர். சிங்களத்தில் ஊராதொட்ட என்பர். பரதேசி என்ற சொல்லும் ஈண்டு நோக்கற்பாலது. இன்று அச்சொல் வீடும் வாசலும் அற்று அலைபவனைக் குறிக்கும், வசவாகவும் வழங்குகின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அது பிறநாட்டு வணிகனைக் குறித்த சொல். அரசன் வருந்தி அழைத்து, காவல் தந்து, தன் துறையில் இருத்திக்கொள்ள விரும்பியவன் அன்றைய பரதேசி.

கடவுச்சீட்டும் சுங்கச்சாவடியும் இவ்வாணைக்கும் மிக முந்தியவை. கௌடிலியரின் அருத்தசாத்திரம் முத்திரைத் தலைவன் ஒருவனைக் குறிப்பிடுகின்றது. ஒரு மாசகம் செலுத்தி அவனிடம் முத்திரைச் சீட்டுப் பெற்றவனே நாட்டுக்குள் புகவும் வெளியேறவும் உரியவன். சீட்டின்றிச் செல்லும் உள்நாட்டான் 12 பணம் தண்டம் இறுப்பான். பொய்ச்சீட்டு வைத்திருந்தவன் அயல்நாட்டானாயின் தண்டம் மிகப் பெரியது. நகரவாயிலருகே கொடியுடன் விளங்கும் சுங்கச்சாலையில், வணிகர் யாவர், எங்கிருந்து வந்தனர், எவ்வளவு சரக்குடன் வந்தனர், முதல் முத்திரை எங்கே இடப்பட்டது என்பவற்றைக் கணக்கர் எழுதிக்கொள்வர். இன்று விமான நிலையத்தில் நிரப்பப்படும் படிவத்தின் வினாக்களும் ஏறத்தாழ இவையே. துறைமுகங்களில் அடிக்கடி வந்துபோகும் அயல்நாட்டு வணிகரையும், உள்ளூர் வணிகர் நன்கறிந்தோரையும் இறங்க விடலாம் என்றும், புயலில் அடிபட்டு வந்த கலத்தைத் துறை அதிகாரி தந்தைபோல் ஆதரித்தல் வேண்டும் என்றும், நீரில் நனைந்த சரக்குக்குச் சுங்கம் நீக்குதலோ பாதியாக்குதலோ தகும் என்றும் அந்நூல் விதிக்கின்றது. தமிழகத்திலும் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கக் காவலர் மூட்டைகளுக்குப் புலிச்சின்னம் பொறித்தமையைப் பட்டினப்பாலை காட்டும். இலங்கையின் தென்கரையில் கொடவாயாத் துறைமுகத்தின் சுங்க வருவாயைக் கசபாகு மன்னன் ஒரு விகாரைக்கு அளித்தமையைப் பிராமிக் கல்வெட்டொன்று கூறுகின்றது.

இவற்றோடு வைத்து எண்ணும்போது நயினாதீவுக் கல்வெட்டு ஒரு வகையில் வியப்பளிக்கின்றது. வாசிக்கப்பட்டுள்ள பகுதியில் சுங்க வீதம் பேசப்படவில்லை. ஆணை முழுதும் உடைந்த கலத்தைப் பற்றியதாகவே உள்ளது. ஏன்?

விடை கடலில் உள்ளது. பாக்கு நீரிணை ஆழங்குறைந்தது. தீவுகளைச் சூழ்ந்து மணற்றிட்டுகளும் கற்பார்களும் பரந்து கிடக்கின்றன. வாடைக்காற்று வீசும் மாதங்களில் பாய்க்கப்பலைச் செலுத்துவது உயிரைப் பணயம் வைப்பதற்கு ஒப்பாகும். கரைதட்டிய கலம் அக்காலக் கடலுலகத்தில் பெரும்பாலும் அதன் உடையவனுக்கு உரியதன்று, கரைக்கு உரியவனது. கடல் தந்த கொடை என்று அரசனோ ஊர்த்தலைவனோ கரைவாழ்நரோ எடுத்துக்கொள்வர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மலையாளக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, வேறொரு துறைக்குப் புறப்பட்டுத் தற்செயலாக ஒதுங்கிய கப்பலைக்கூட, தெய்வம் எமக்கே அனுப்பியது என்று கூறி அவ்விடத்தார் பறித்துக்கொண்டமையைப் பதிந்துள்ளார். ஆகவே, தொலைநாட்டு வணிகன் ஒரு துறையைத் தெரிந்தெடுக்குமுன் அறிய விரும்பியது, சுங்கம் எவ்வளவு என்பதினும், கப்பல் உடைந்தால் தன் கதி யாது என்பதே.

அரசுக்குப் பாதி என்பது இன்றைய கண்ணுக்குக் கொடுமையாகத் தோன்றலாம். முழுவதும் பறிபோகும் உலகில் பாதியை மீட்டுத் தந்த விதி அது. அன்றியும், அவ்வாணை இருவரையே பங்காளராகக் காண்கின்றது: பண்டாரம், உடையவன். துறைத்தலைவனுக்கும் கரைவாழ்நருக்கும் அதில் பங்கில்லை. விதி வணிகனுக்கு அளித்த உறுதியளவுக்கு உள்ளூராரின் கைக்கு இட்ட தடையும் ஆகும் என்று கொள்ளுதல் பொருந்தும். அரசன் தன் ஆசைக்கும் கல்லில் எல்லை வகுத்துக்கொண்டான். காற்பங்குக்கோ பாதிக்கோ மேல் கேட்க அவனுக்கும் இடமில்லை.

இத்தகைய ஆணைகளுள் பெரும்புகழ் பெற்றது ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டளவில் பொறித்த அபயசாசனம். முன்னை அரசர், புயலால் ஒதுக்கப்பட்ட கலங்களின் பொன், யானை, குதிரை, மணி யாவற்றையும் பறித்தனர் என்று அது வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கின்றது. உயிரைப் பணயம் வைத்துக் கடல் கடந்தோரிடம் முறையான சுங்கத்துக்குமேல் எதுவும் கொள்வதில்லை என்று உறுதியும் அளிக்கின்றது. சுங்கம் முப்பதில் ஒன்று. கருணையில் அது நயினாதீவுக் கல்வெட்டை விஞ்சுகின்றது. காலத்தில் இதுவே அரை நூற்றாண்டுக்கு மேல் முந்தியது. இங்கிலாந்தில் 1275ஆம் ஆண்டுச் சட்டமொன்று, உடைந்த கலத்திலிருந்து மனிதனோ நாயோ பூனையோ உயிர்தப்பினால் அதனை உரியவனற்ற பொருளாகக் கொள்ளலாகாது, ஓராண்டும் ஒரு நாளும் உடையவனுக்காகக் காத்திருத்தல் வேண்டும் என்றது. ஒரு பூனையின் உயிரில் ஒரு கப்பற் சரக்கின் உரிமை தொங்கியது என்க. பதினான்காம் நூற்றாண்டில் கோழிக்கோட்டைக் கண்ட இபின் பத்தூத்தா, மலையாளக் கரையில் உடைந்த கலங்கள் அரசுடைமையாக, அந்நகரில் மட்டும் அவை உடையவருக்கே விடப்பட்டமையால் வணிகர் அங்கே திரண்டனர் என்கிறார். பராக்கிரமபாகுவும் அக்கணக்கையே அறிந்திருந்தான்.

யானைக்கும் குதிரைக்கும் மட்டும் ஏன் சலுகை? குதிரைக்கு விடை எளிது. இலங்கையின் தட்பவெப்பம் குதிரைக்கு ஒவ்வாது. போருக்கு வேண்டிய குதிரை அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வரவேண்டும். குதிரை வணிகத்தில் ஆபத்து மிகுதி. பாண்டியநாட்டில் வழியிலே இறந்த குதிரைக்கும் அரசுப் பண்டாரம் விலை கொடுத்தது எனப் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதியுள்ளார். அதனோடு ஒப்பிட்டால் பொலன்னறுவை மன்னன் சற்றுக் கைப்பிடிப்பானவன் என்றே கூறல் வேண்டும்.

யானையோ இலங்கைக் காட்டிலேயே பிறப்பது. இங்கிருந்து பிறநாடு செல்வது. கொல்லன் தெருவுக்கு ஊசி கொண்டுவந்தவர் யார்? இலங்கை யானைகளில் தந்தமுடையவை மிகச் சில என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். பராக்கிரமபாகு யானையின்பொருட்டுப் போரே தொடுத்தவன் என்பதைச் சூளவம்சம் கூறும். பர்மாவாகிய இராமஞ்ஞ தேசத்து மன்னன் யானை விலையைப் பன்மடங்கு உயர்த்தினான். பரிசில் கொண்டுவந்த கலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு யானை அளிக்கும் பழைய வழக்கத்தையும் நிறுத்தினான். அந்நாட்டின்மீது 1165ஆம் ஆண்டளவில் இலங்கைக் கப்பற்படை சென்றமைக்கு இவையும் காரணமாயின. அக்காலத்தே சோழரோடும் பகை மூண்டிருந்தது. இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு, ஈழத்து மன்னன் ஊராத்துறை முதலிய இடங்களில் படையும் படகும் திரட்டியதையும், சோழர்படை அவ்விடங்களை அழித்து யானைகளைக் கைப்பற்றியதையும் உரைக்கின்றது. வணிகரை வருக என்று அழைத்த அதே துறை போர்த்துறையுமாயிருந்தது. யானை குதிரைக்குத் தரப்பட்ட சலுகை படைத்தேவையினின்று பிறந்தது என்பதில் ஐயமில்லை.

சிங்கள மன்னன் தமிழில் ஆணையிட்டமை சிலருக்கு விந்தையாகத் தோன்றும். ஆணை யாருக்கு உரியதோ அவர் மொழியில் இருத்தல் இயல்பு. ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் கணத்தார் பதவியா போன்ற இடங்களில் விட்டுச்சென்ற கல்வெட்டுகளும் தமிழிலேயே உள்ளன. சீனக் கடற்றலைவர் செங் கோ காலத்தில் 1409ஆம் ஆண்டு நாளிட்டுப் பொறிக்கப்பட்டுக் காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட கல்லிலும் சீனம், பாரசீகம் என்பவற்றுடன் தமிழ் இடம்பெற்றது. வங்கக்கடலிலும் இலங்கைக் கரையிலும் துறைமுக மொழியாகத் தமிழ் வழங்கிய காலம் அது.

ஊராத்துறைக்குரிய ஆணை நயினாதீவில் நிற்பது எவ்வாறு? கல் பிற்காலத்தில் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டிருக்கலாம். தெற்கிலிருந்து ஊர்காவற்றுறைக்கு ஏகும் கலங்கள் நெடுந்தீவையும் நயினாதீவையும் அணுகியே செல்வதால், மாலுமிகள் வழிபட இறங்கும் பழந்தலத்தில் அவர்தம் கண்ணிற் படுமாறு நாட்டப்பட்டிருக்கவும் கூடும். இரண்டாவது கருத்து கவர்ச்சியுடையது; ஆயினும் முடிவாகக் கொள்ளுதற்குச் சான்று போதாது.

சந்திராதித்தர் உள்ளளவும் என்ற சொல் நெடுங்காலம் செல்லவில்லை. பொலன்னறுவை அரசு பதின்மூன்றாம் நூற்றாண்டில் வீழ்ந்தது; வடபகுதி ஆரியச்சக்கரவர்த்திகள் கைக்கு வந்தது. அயல்நாட்டுப் பயணி ஒருவனை அவர்கள் வரவேற்ற முறையை 1344ஆம் ஆண்டில் வந்த இபின் பத்தூத்தாவின் பயண நூலிலேயே காணலாம். கரையை அணுகியபோது கப்பலோட்டி அஞ்சினான். இம்மன்னனின் துறை வணிகருக்குப் பாதுகாப்பானதன்று என்றான். பயணியோ தன் உறவின் பெருமையைக் கூறி அனுமதி பெற்றுப் புத்தளத்தில் மன்னனைக் கண்டார். தம்முடன் வந்தோர் திரும்பும்வரை அஞ்சவேண்டியதில்லை என்ற உறுதி கிடைத்தது. வந்த நோக்கம் யாது என மன்னன் வினவ, பாவா ஆதமின் மலையைக் காண்பதொன்றே என்றார். பல்லக்கும், வழித்துணையாக யோகியரும் அந்தணரும், உணவு சுமக்க ஆட்களும் அளிக்கப்பட்டன. பராக்கிரமபாகு கல்லில் எழுதிப் பொதுவாக்கிய பாதுகாப்பு, இங்கே மன்னனின் முகத்தாட்சணியத்தைப் பொறுத்ததாயிற்று. அறிமுகம் உடையவனுக்கு அது பல்லக்கு. அறிமுகமற்ற கப்பலோட்டிக்கு அச்சம்.

பின்னர் நிலைமை தலைகீழாக மாறியது. போர்த்துக்கேயர் இந்துமாகடலில் செல்லும் கலங்கள் தம்மிடம் சீட்டுப் பெறுதல் வேண்டும் என்றனர். சீட்டில்லாக் கலம் பறிக்கப்பட்டது. பரதேசி சுதேசிக்கு அவன் கடலிலேயே கடவுச்சீட்டு வழங்கிய விந்தை அது. 1619இல் யாழ்ப்பாண அரசு அவர்கள் வசமாயிற்று. வன்னிக் காட்டு யானைகள் கப்பலேறிய ஊர்காவற்றுறையை அவர்கள் தம் மொழியில் யானைகளின் இறங்குதுறை என அழைத்தனர். கயிற்ஸ் என்ற பெயர் அதன் எச்சம். 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தரும் சீட்டு முறையைத் தொடர்ந்தனர். காரைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே நீர்நடுவில் நிற்கும் அம்மன்னீல் கோட்டை அவ்வாயிலுக்குக் காவலாயிருந்தது. கடல்கடந்து வரவேண்டியிருந்த குதிரையை அவர்கள் நெடுந்தீவிலேயே வளர்த்தனர்; அதன் வழித்தோன்றல்கள் அங்கே இன்றும் கட்டின்றித் திரிகின்றன.

இந்நாட்டின் இன்றைய நுழைவு விதிகள் 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்தினின்று எழுந்தவை; சுங்க விதிகள் 1869ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தை அடியாகக் கொண்டவை. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபர் 14ஆம் நாள் பயணிகள் கப்பற் சேவை தொடங்கியபோது, இச்சட்டங்களின்படி கடவுச்சீட்டும் பயணப்பொதியும் பார்வையிடப்படும் துறையாகக் காங்கேசன்துறை அமைந்தது. ஊர்காவற்றுறையில் இன்று பரதேசிகள் வந்து கூடுவதில்லை. அவர்களை அழைத்த கல், குறிகாட்டுவானிலிருந்து படகேறி நயினாதீவு செல்வோர் கண்டுவரக்கூடிய இடத்தில் நிற்கின்றது.