மொரீஷியஸுக்கு வேலையாகப் போகிறவர்களுக்கு

அலுவலக வேலையாக மொரீஷியஸ் போகிறீர்களா, நேயர்களே? நம் கடிகாரத்தில் ஒன்றரை மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தலைநகர் போர்ட் லூயிஸ். அலுவலகக் கடிதம் ஆங்கிலத்தில், நாளிதழ் பெரும்பாலும் பிரெஞ்சில், தேநீர் வேளைப் பேச்சோ கிரியோலில்! நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை புயல் காலம். எச்சரிக்கையில் நான்கு நிலைகள். மூன்றாம் நிலை அறிவித்தால் அலுவலகங்கள் மூடும், பேருந்துகள் நிற்கும். கூட்டத்தை மறந்துவிட்டு அறையிலேயே இருங்கள். தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை; அன்றைக்குச் சந்திப்பு வைக்காதீர்கள். அந்நாட்டு ரூபாய் நோட்டு கைக்கு வந்ததும் உற்றுப் பாருங்கள்: தொகை தமிழிலும் அச்சாகியிருக்கும், கூடவே தமிழ் எண்ணும். நம்மூரிலேயே பலருக்கு அந்த எண் தெரியாது! அங்கே பிளக் பெரும்பாலும் பிரிட்டிஷ் வகை, தட்டையான மூன்று முனை. பெட்டியில் ஓர் அடாப்டர் இருக்கட்டும்.