கடைசல் பழக்குவோர் கவனத்திற்கு

பிசான அறுவடை முடிந்து வயலில் வேலை குறைந்திருக்கும் நாட்களில், கைத்தொழில் ஒன்று தெரிந்தால் குடும்பத்திற்கு உதவும். கடையநல்லூர் வட்டார விவசாயிகளுக்குக் கடைசல் தொழில் புதிதன்று. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்கள் பேர் பெற்றவை. மத்து, பம்பரம், பூரிக்கட்டை, அரிவாள் பிடி எல்லாம் கடைசல் வேலைதான். மாமன் மருமகனுக்கும், அண்ணன் தம்பிக்கும் பட்டறையில் வைத்தே இத்தொழிலைப் பழக்கி வருகின்றனர்.

முற்காலத்துக் கயிற்றுக் கடைசலில் ஒருவர் கயிறு இழுக்க, மற்றவர் உளி பிடிப்பார். இழுக்கும் கை நின்றால் கட்டையும் நின்றுவிடும். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே பழக முடிந்தது. மோட்டார் அப்படியன்று. வேட்டி நுனி சிக்கினாலும் அது பாட்டுக்கு ஓடும். எனவே பழக்கும் முறையும் மாறவேண்டும்.

முதலில் பழக்க வேண்டியது மரத்தை அறியும் பழக்கம். கர்நாடகத்தின் சன்னபட்டணத்திலும் ஆந்திரத்தின் எட்டிகொப்பாக்காவிலும் பொம்மை கடைவது நம் வெட்பாலை மரத்தில்தான். இழை நெருக்கமானது, உளிக்கு இணங்கும். நிழலில் நன்றாகக் காய்ந்த கட்டையே உகந்தது. வெடிப்பு, தளர்ந்த கணு, உள்ளே புதைந்த ஆணி அல்லது வேலிக்கம்பி இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். சுழலும்போது கட்டை பிளந்து முகத்தில் அடிக்கும். அரளி நஞ்சுள்ளது. குழந்தைகள் வாயில் வைக்கும் சொப்புக்கு அது அறவே ஆகாது.

அடுத்தது உடை. தோளில் துண்டு, தொங்கும் கைச்சட்டை, மோதிரம், கயிறு எதுவும் கூடாது. பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகி, கூந்தலை முடிந்து, வளையலைக் கழற்றிவிட வேண்டும். கையுறை பாதுகாப்பு என்று பலர் எண்ணுகின்றனர். கடைசலில் அதுவே ஆபத்து. நூல் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். கண்ணாடியோ முகமறைப்போ கட்டாயம் வேண்டும்.

பழகுபவருக்கு 2 அங்குலப் பருமனும் ஓர் அடி நீளமும் உள்ள, மூலைகள் செதுக்கிய கட்டை போதும். அதைப் பொருத்தியதும் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, உளி தாங்கும் கட்டையில் இடிக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். முதலில் வேகம் குறைவாக இருக்கட்டும். சுவிட்சைப் போடும்போது கட்டைக்கு நேராக நிற்காமல் சற்று விலகி நிற்பது நல்லது. உளி முதலில் தாங்கியில் அமரவேண்டும், பிறகே மரத்தைத் தொடவேண்டும். இந்த வரிசை மாறினால் உளி கையை விட்டுத் துள்ளும். இது கைக்குப் படியும் வரை பழக்குபவர் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நிற்கவேண்டும். டீ குடிக்கப் போவதானால் மோட்டாரை நிறுத்திவிட்டுப் போகவேண்டும். ஒரு நேரத்தில் ஒருவருக்கு மேல் பழக்கலாகாது. பதினான்கு வயது நிரம்பாத பிள்ளைகளை மோட்டார் அருகில் விடவே கூடாது.

உப்புத்தாள் போடும்போது உளி தாங்கியைக் கழற்றிவிட வேண்டும். தாளையோ துணியையோ விரலில் சுற்றிக்கொள்ளலாகாது. சுழலும் கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டிலேயே இளகிப் படியும். தாழை மடலால் தேய்த்தால் மெருகு ஏறும். இந்த வேலை பழகுபவருக்கு மிகவும் பிடிக்கும். அவசரப்படுவதும் இங்கேதான். மரத்தூள் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. மூக்கை மூடும் நல்ல முகக்கவசம் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும்.

கரண்டு போனால் உடனே சுவிட்சை அணைக்கப் பழக்க வேண்டும். மறந்தால், கரண்டு திரும்பி வரும்போது ஆள் கையை வைத்திருக்கும் நேரத்தில் கட்டை சுழலத் தொடங்கும். எர்த் கம்பியும் பெல்ட்டுக்கு மூடியும் அவசியம். கிணற்று மோட்டாருக்குத் தந்த இலவச மின் இணைப்பில் கடைசலை ஓட்டுவது சட்டப்படி குற்றம். பட்டறைக்குத் தனி இணைப்புப் பெற மின்வாரிய அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.