கோட்டைக்கு மூன்று மதில், கம்ப்யூட்டருக்கு?

பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சி - சென்னை நெடுஞ்சாலை ஓரத்தில் ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. சுற்றிலும் அகழி. உள்ளே மதில். ஒரு மதில் அல்ல. வெவ்வேறு உயரத்தில் மூன்று! ஒன்று போனாலும் அடுத்தது காக்கும்.

இந்தக் காலத்தில் காக்க வேண்டிய பொருள் வேறு. நிலப்பட்டா, ரேஷன் கார்டு, பேங்க் கணக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அந்தக் கம்ப்யூட்டர் தீயில் எரிந்தால் என்ன ஆகும்?

கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர்

பெரிய ஆபீசுகளில் ஒரே யந்திரத்துக்குள் பல கம்ப்யூட்டர்கள் குடியிருக்கின்றன. ஒரே வீட்டில் பல குடித்தனம் போல! கண்ணுக்குத் தெரியாத இந்தக் கம்ப்யூட்டருக்கு "மெய்நிகர் கணினி" என்று பெயர்.

இதில் ஒரு வசதி உண்டு. இதை முழுதாக ஒரு பைலாக நகல் எடுக்கலாம். சென்னையில் யந்திரம் பழுதானால், வேறு ஊரில் இருக்கும் யந்திரத்தில் அந்த நகலை உயிர்ப்பிக்கலாம்.

ஆபத்தும் உண்டு. வீடு இடிந்தால் எல்லாக் குடித்தனமும் தெருவுக்கு வரும் அல்லவா? அதே கதிதான் இங்கும்.

டில்லி மீண்டது

2022 நவம்பர் 23-ந் தேதி, டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களுக்குள் கள்ளப் புரோகிராம் புகுந்தது. தகவல்களைப் பூட்டிவிட்டது. பல நாட்கள் ஊழியர்கள் சீட்டுகளைக் கையால் எழுதினார்கள். நோயாளிகள் காத்துக் கிடந்தார்கள்.

ஆனால், நகல் வைத்திருந்த கம்ப்யூட்டர் ஒன்று தப்பியது. அதிலிருந்து நோயாளிகளின் விவரங்கள் மீட்கப்பட்டன.

இலங்கை இழந்தது

2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் "கிளவுட்" தாக்கப்பட்டது. கிளவுட் என்பது வானத்து மேகம் அல்ல. ஒரு கட்டிடத்துக்குள் ஓடும் யந்திரங்கள்தான்.

மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை வந்த அரசாங்க ஈமெயில்கள் போய்விட்டன. சுமார் 5 ஆயிரம் முகவரிகள் பாதிக்கப்பட்டன. காரணம், அந்த நாட்களுக்குத் தனியே எடுத்து வைத்த நகல் இல்லை!

காப்பது எப்படி?

நிபுணர்கள் சொல்லும் கணக்கு 3, 2, 1. மொத்தம் 3 பிரதிகள். 2 வகைச் சாதனங்கள். 1 பிரதி வேறு ஊரில்.

அதில் ஒன்றையாவது இணைப்பைத் துண்டித்து வைக்க வேண்டும். இணைப்பில் இருக்கும் நகலையும் கள்ளப் புரோகிராம் பூட்டிவிடும்.

"ஸ்நாப்ஷாட்" எடுத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் அதே யந்திரத்தில்தான் இருக்கும். யந்திரம் எரிந்தால் அதுவும் சாம்பல்!

தினம் ஒரு முறை நகல் எடுத்தால், ஒரு நாள் வேலை நஷ்டமாகலாம். மணிக்கு ஒரு முறை எடுத்தால், ஒரு மணி வேலைதான் நஷ்டம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒத்திகை வேண்டும். எடுத்த நகல் உண்மையில் ஓடுகிறதா என்று அவ்வப்போது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கும் இதுவே பாடம். கல்யாணப் போட்டோ, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், நிலப் பத்திரம் இவை செல்போனில் மட்டும் இருந்தால் போதாது. ஒரு நகலை அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ வைத்திருங்கள். செல்போன் தொலைந்தாலும் அவை தொலையாது.