வாள்வீச்சும் தியானமும்

போர்க்கலை என்றதும் பகைவனை வீழ்த்தும் காட்சியே பலருக்கும் மனக்கண்முன் தோன்றும். ஆனால், பகைவனே இல்லாத போர் ஒன்றைத் திரையிலே காட்டி, வலிமையின் முடிவு யாது என வினவிய குறும்படம் ஒன்று உண்டு. 1948 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மாயா டெரன் அம்மையார் ஆக்கிய ‘வன்முறை மீதொரு தியானம்’ என்பதே அது.

1917 இல் கியேவ் நகரிற் பிறந்த அவ்வம்மையார், சிறுவயதிலேயே பெற்றோருடன் அமெரிக்கா சென்றவர். கதை சொல்லுதலை நாவலும் நாடகமும் செய்யும். காலத்தையும் இயக்கத்தையும் ஆளுவதே சினிமாவுக்கு உரிய தொழில் என்பது அவர் கொள்கை. 1945 இல் அவர் எடுத்த படமொன்றில், நடனக் கலைஞர் டாலி பீற்றி காட்டிலே தூக்கிய கால் வீட்டினுள்ளே வந்து ஊன்றும். நடன உடலிற் கண்ட இவ்வாய்ப்பைப் பின்னர் போர்க்கலையிலும் அவர் நாடினார்.

ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடம் ஓடும் இப்படத்தில் தோன்றுபவர் சாவ்-லி சி என்னும் சீன இளைஞர் ஒருவரே. முதலில் வூடாங் முறை. மூலையற்ற வெண்சுவரின் முன்னே, புல்லாங்குழல் இசைக்க, மூச்சினைப் போல விரிந்தும் ஒடுங்கியும் அவர் உடல் அசைகின்றது. அடுத்து ஷாவோலின் முறை. சுவர்கள் கோணங்களாகின்றன, ஹெயிற்றி நாட்டு முரசம் சேர்கின்றது, காட்சிகள் வெட்டி வெட்டி மாறுகின்றன. கமராவே எதிராளியாக நின்று அடிகளை எதிர்கொள்கின்றது. இறுதியில், திறந்த வெளியில் வாள் சுழல்கின்றது. பாய்ச்சலின் உச்சியில் இசை அடங்குகின்றது. உடல் அந்தரத்தில் அசைவற்று நிற்கின்றது.

அதன்பின் வூடாங் அசைவுகள் மீளுகின்றன. அப்பகுதியில் படம் பின்னோக்கி ஓடுகின்றது. எனினும், பார்ப்போர் அதனை எளிதில் உணரார். காரணம் யாது? தேங்காய் உடைக்கும் காட்சியைப் பின்னோக்கி ஓட்டினால் நகைப்பே விளையும். சிதறிய துண்டுகள் தாமே கூடுவது இயற்கைக்கு மாறு அன்றோ! மேலெறிந்த பந்து ஏறி இறங்குவதையோ எப்படி ஓட்டினும் வேற்றுமை தோன்றாது. வூடாங் அசைவும் அத்தகையதே. அதில் திடீரென்ற தொடக்கமுமில்லை, முறிந்த முடிவுமில்லை. ஒவ்வோர் அசைவும் தன் எதிரசைவைத் தன்னுள்ளே கொண்டுள்ளது.

உலகப்போர் ஓய்ந்து மூன்றாண்டுகளே கழிந்த நிலையில் இப்படம் வெளிவந்தது என்பது நினைவுகூரத்தக்கது. உடைப்பது மீளாது, சமநிலை உடையதோ மீளும். வாளின் உச்சம் வெற்றியன்று, விறைத்துப் போதலே. அதனின்று மீளும் வழி, தொடங்கிய அமைதிக்கே திரும்புதல். இவ்வுண்மையை ஒரு சொல்லும் பேசாமல், ஓர் உடலின் அசைவாலும் ஒரு படச்சுருளின் ஓட்டத்தாலுமே அக்குறும்படம் உணர்த்திவிடுகின்றது.